தமிழில் அடித்த படிவமும் செல்லாமல் போன 43 கையெழுத்தும்

ஐரோப்பியக் குடிமக்கள் முன்னெடுப்புக்குக் கையெழுத்துச் சேர்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து படிவத்தைத் தமிழில் மொழிபெயர்க்காதீர்கள். நான் மொழிபெயர்த்தேன். ஆசையாக, ஒரு இரவு முழுக்க இருந்து, இரண்டு அகராதி வைத்துக்கொண்டு செய்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரில் 43 பேர் அதில் கையெழுத்து வைத்தார்கள். அத்தனையும் குப்பைக்குப் போனது.

இந்த முன்னெடுப்பு என்னவென்று இங்கே இருக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளின் குடிமக்கள் கையெழுத்துச் சேர்த்து, ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி ஒன்றியத்தின் நிர்வாகமான ஐரோப்பிய ஆணைக்குழுவைக் கேட்கிற வழி. ஓராண்டுக்குள் 10 இலட்சம் கையெழுத்து வேண்டும். குறைந்தது ஏழு நாடுகளிலாவது அந்தந்த நாட்டுக்கு வைத்திருக்கிற குறைந்தபட்சக் கையெழுத்து எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் ஐரோப்பிய ஆணைக்குழு பதில் சொல்லியே ஆக வேண்டும். 2012இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நான் சேர்ந்தது என் மகளால். 2024 ஜூனில் ஜேர்மனியில் 16 வயதுக்காரருக்கும் ஐரோப்பியத் தேர்தலில் வாக்கு வந்தபோது அவளுக்கு 17. வாக்குப் போட்டுவிட்டு வந்தவள், "இனி அஞ்சு வருசத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ அம்மா?" என்று கேட்டாள். அடுத்த குளிர்காலத்தில் ஒரு முன்னெடுப்பின் தொண்டர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மூன்றாவது கிழமை என் பெயரும் இருந்தது. கோரிக்கை என்னவென்று எழுதவில்லை, எழுதினால் பேச்சு அங்கே போய்விடும். இது படிவத்தின் கதை.

முதல் அலைச்சல் எங்கள் நகரத்துக் கந்தோரில், அதாவது நகராட்சி அலுவலகத்தில். கடைத்தெருவில் மேசை போட்டு நிற்க அனுமதி வேண்டும் என்று சொன்னார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். உள்ளே இருந்தவர் என் தாளைப் பார்க்காமலே, இது இங்கே இல்லை, இணையத்தில் விண்ணப்பியுங்கள், இரண்டு கிழமைக்கு முன்னரே அனுப்புங்கள் என்றார். எழும்பி வரும்போது கதவடியில் நின்ற இன்னொரு அலுவலர்தான் சொன்னார்: மேசையும் குடையும் வைத்தால்தான் அனுமதி, கையில் அட்டை பிடித்துக்கொண்டு நடந்து நடந்து கேட்டால் ஒன்றும் வேண்டாம். உள்ளே இருந்தவர் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். (கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போனது. காத்திருக்கிற பழக்கத்தையும் சேர்த்துத்தான் விட்டுப்போயிருக்கிறார்கள்.) உங்கள் நகரத்தில் விதி வேறாக இருக்கலாம். ஆனால் மேசையோடு போகிறோமா, மேசை இல்லாமலா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்துத்தான் தமிழ்ப் படிவம். 43 கையெழுத்தையும் படம் பிடித்துப் பெருமையாக ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, மிகவும் பணிவான பெண். அவளுடைய மின்னஞ்சல் "மிக அழகாக இருக்கிறது" என்றுதான் தொடங்கியது. அந்தத் தொடக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. படிவத்தின் அமைப்பைச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது. மேலே பதிவு இலக்கம், தலைப்பு, நோக்கம், அமைப்பாளர் பெயர்கள், கீழே அட்டவணை, அதோடு தரவுப் பாதுகாப்புக் குறிப்பு. ஒன்றையும் வெட்டவோ சுருக்கவோ கூடாது. மொழியும் ஒன்றியத்தின் 24 உத்தியோகபூர்வ மொழிகளில், முன்னெடுப்பு பதிவாகியிருக்கிற ஒரு மொழியாக இருக்க வேண்டும். மால்டிய மொழியில் இருக்கலாம், ஐரிஷில் இருக்கலாம், தமிழில் இருக்க முடியாது. விளக்கத் துண்டைத் தமிழில் தனியாகக் கொடுக்கலாமாம். அதை எனக்கு ஒரு கிழமை முந்திச் சொல்லியிருந்தால்!

43 பேரிடமும் திரும்பப் போனேன். 29 பேர் மறுபடி வைத்தார்கள். மற்றவர்கள், "அதுதானே அண்டைக்கே வைச்சனான்" என்றார்கள். அவர்களில் பிழை இல்லை.

மூன்றாவது கட்டம் ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர். 2025 கோடை. தேருக்கு அங்கே எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்று போனவர்களுக்குத் தெரியும். ஜேர்மனி மட்டுமல்ல, ஒல்லாந்து, பிரான்ஸ், டென்மார்க், சுவிஸ், லண்டன் என்று எல்லா இலக்கத்தகடும் அந்தத் தொழிற்பேட்டைத் தெருவில் நிற்கும். ஏழு நாட்டு எல்லை என்ற கணக்குக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? எங்கள் முன்னெடுப்புக்கு ஜேர்மனியில் குறை இல்லை, எல்லையான 69,120 எப்போதோ தாண்டிவிட்டது. (கணக்கு இதுதான்: ஒரு நாட்டுக்கு எத்தனை ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினரோ, அதை மொத்த உறுப்பினர் எண்ணிக்கையான 720ஆல் பெருக்க வேண்டும். ஜேர்மனிக்கு 96.) இழுத்தது டென்மார்க். 15 உறுப்பினர், 10,800 கையெழுத்து. பாதி தூரத்தில் நின்றது. ஆகவே அன்றைக்கு நான் அம்பாளைத் தேடியதைவிட டென்மார்க்காரரைத்தான் அதிகம் தேடினேன்.

தெரிந்த ஒருவர் தன் சாப்பாட்டுக் கடை மேசையில் ஒரு மூலையைத் தந்தார். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் படிவம். எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை.

முதல் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தது: கையெழுத்து வைக்க மிகவும் ஆசைப்பட்டவர்களில் அரைவாசிப் பேருக்கு வைக்க உரிமை இல்லை. சூரிச்சிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர், எல்லோரும் சுவிஸ் பிரஜைகள். நோர்வேக்காரர் இருவர். பிறகு இங்கேயே, ஹம்மிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், 1989இலிருந்து இருக்கிற ஒரு அண்ணை. கையில் இலங்கைக் கடவுச்சீட்டு. முப்பத்தாறு வருடம் வரி கட்டியவர். "நான் உங்களுக்குச் செல்லாது பிள்ளை" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு வடை வாங்கப் போனார். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழிவிட்ட சட்டம் 2024 ஜூன் 27இல் வந்த பிறகு விண்ணப்பித்திருக்கிறாராம், இன்னும் கடிதம் இல்லை. இன்னொரு பக்கம் லண்டனிலிருந்து வந்த ஒரு மாமா. லண்டன் என்றதும் நான் பேனையைத் திருப்பி வாங்கிவிட்டேன். அவர் விடவில்லை. "நான் ரொட்டர்டாமில இருந்து போனவன் பிள்ளை, பாஸ்போர்ட் இப்பவும் ஒல்லாந்துதான்." ஒருங்கிணைப்பாளருக்கு அடித்துக் கேட்டேன். செல்லும்! எங்கே வசிக்கிறார் என்பதல்ல, எந்த நாட்டுப் பிரஜை என்பதுதான் கணக்கு. ஒன்றியத்தை விட்டே போன ஊரில் இருக்கிறவருக்கு வாய் இருக்கிறது, முப்பத்தாறு வருடம் இங்கேயே இருக்கிறவருக்கு இல்லை. சட்டத்துக்கு அது நியாயமாக இருக்கலாம். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு அப்படித் தெரியவில்லை.

இனி, நான் பட்டுப் படித்தவை. ஒரு தாளில் ஒரு நாட்டுப் பிரஜைகள் மட்டும்தான். தலையில் எந்த நாடு என்று குறித்திருக்கும், அதில் வேறு நாட்டவர் வைத்தால் அந்த வரி போச்சு. நாங்கள் மச்சான், மச்சாள், பெரியப்பா என்று கூட்டமாக வருகிற ஆக்கள், ஒரே குடும்பத்தில் மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு. ஒருவர் எழுதி முடித்ததும் மற்றவர் அதே தாளில் குனிவார். நாட்டுக்கு ஒரு நிற அட்டையில் தாளைக் கொளுவி வைத்த பிறகுதான் இது நின்றது. மகளின் யோசனை.

பெயர் அதைவிடப் பெரிய தலைவலி. எங்கள் ஆக்கள் பழக்க தோசத்தில் தலைப்பெழுத்துப் போடுவார்கள். "க. சிவ" என்று எழுதிவிட்டு ஒரு சுழிப்பு. முழுப் பெயர் வேண்டும், அதுவும் அடையாள அட்டையில் இருக்கிற ஒழுங்கில். இங்கே பலருக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, சிலருக்குத் தன் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. எது முதற்பெயர் என்று அவர்களுக்கே அட்டையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிறந்த திகதியும் அப்படித்தான். "அம்மா சொன்னதோ, பதிவில இருக்கிறதோ?" என்று குறைந்தது ஐந்து பேர் கேட்டார்கள். பதிவில் இருப்பதுதான். பின்னால் அந்தந்த நாட்டு அதிகாரிகள் சரிபார்க்கும்போது அம்மாவைக் கேட்கமாட்டார்கள்.

ஜேர்மன் பிரஜைகளுக்கு விலாசமும் பிறந்த திகதியும் போதும். பிரான்ஸ்காரருக்கு அடையாள அட்டை இலக்கம் அல்லது கடவுச்சீட்டு இலக்கம் வேண்டும். அங்கேதான் சிக்கியது. பாரிஸிலிருந்து வந்த ஒரு அக்கா இலக்கம் என்றதும் பேனையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். "நம்பர் குடுத்துக் கையெழுத்து வைக்கிறது எனக்கு ஒத்துவராது பிள்ளை. ஊரில ஒருக்கா வைச்சது காணும்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தாள்களைக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து கூடியது 21 மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் இருப்பதைச் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் வைக்கவில்லை. போகும்போது என் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

இணையத்தில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆணைக்குழுவின் தளத்தில் இரண்டு நிமிட வேலை. கியூஆர் குறி அச்சடித்த துண்டு 200 கொண்டுபோனேன். எல்லோரும் வாங்கினார்கள், வீட்டில் போய்ச் செய்கிறோம் என்றார்கள். மாலையில் அந்தத் துண்டுகளில் வடை எண்ணெய் ஒற்றியிருந்ததைக் கண்டேன்.

வைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டவர்களுக்கு நான் பொய் சொல்லவில்லை. நல்ல உதாரணம் தண்ணீர்: 2013இல் 16 இலட்சத்துக்கு மேல் கையெழுத்து, கடைசியில் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டது, ஆனால் அது நடக்க 2020 டிசம்பர் ஆனது. கெட்ட உதாரணம் கூண்டு: பண்ணை மிருகங்களைக் கூண்டில் அடைப்பதற்கு எதிராகக் கிட்டத்தட்ட 14 இலட்சம் பேர் வைத்தார்கள், 2023 முடிவதற்குள் சட்டமூலம் தருவோம் என்று ஆணைக்குழு 2021இல் வாக்குக் கொடுத்தது, 2023 முடிந்தது, சட்டமூலம் வரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட முன்னெடுப்புகள் பதிவாகியும் இலக்கைத் தொட்டவை இருபதைத் தாண்டாது. இதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி, "அப்ப அந்த மாநாடு மாதிரித்தான்" என்றான். 2021–22இல் ஐரோப்பாவின் எதிர்காலம் பற்றி மாநாடு வைத்து, 800 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, 49 முன்மொழிவு எழுதினார்களே, அதைச் சொன்னான். எங்களுக்கு அந்தக் குலுக்கலில் அழைப்பு வந்திருந்தாலும் மோசடிக்காரன் என்று தொலைபேசியை வைத்திருப்போம் என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தான், ஒல்லாந்துத் தாளில்.

தேர் இருப்புக்கு வந்த பிறகு, மூட்டை கட்டும் நேரத்தில், ஒரு வெள்ளை மினி பஸ். டென்மார்க் தகடு. நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், சேலையோடு. ஒன்பது பேர், ஒன்பது பேரும் டெனிஷ் பிரஜைகள், ஒன்பது பேரும் முழுப் பெயர். அவர்களில் ஒரு பெண்பிள்ளை மற்றவர்களுடைய வரிகளை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத் தந்தாள். அந்த ஒரு தாளுக்காக நான் அன்றைக்குத் தேங்காய் உடைத்தேன்.

தாள்களைப் படமெடுத்து அனுப்பினால் போதாது, மூலத்தாள்தான் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 112 வரி அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் அதில் ஏழு வரியை வெட்டினாள், ஐந்து தலைப்பெழுத்து, இரண்டு தப்பான நாடு. டென்மார்க் தாளில் ஒன்றும் வெட்டவில்லை.

சேர்க்கும் காலம் டிசம்பரில் முடிய இருந்தது. கடைசிக் கிழமை அந்த அண்ணை தொலைபேசி எடுத்தார். பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் கிடைத்துவிட்டதாம். "உந்தப் பேப்பர் இன்னும் இருக்கோ பிள்ளை?" ஜேர்மன் எல்லையைத் தாண்டி மாதக்கணக்காகிவிட்டது, 10 இலட்சத்தில் அது ஒன்று, அவ்வளவுதான். ஆனாலும் வேலை முடிந்து இருட்டில் காரை எடுத்துக்கொண்டு போனேன். தேத்தண்ணி வைத்துத் தந்தார். பத்திரம் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனை நின்றது.

"பிறந்த திகதி... அம்மா சொன்னதோ?"

"பத்திரத்தில இருக்கிறது, அண்ணை."

எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார்.