குகேஷ் தோத்த கேம்களைப் பத்தி கொஞ்சம் பேசலாம்

குகேஷ் ஜெயிச்சதைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, சிங்கப்பூர்ல 2024 டிசம்பர் 12 அன்னிக்கு செஸ் உலக சாம்பியன் ஆனப்போ அவன் அழுத வீடியோவ பாக்காத தமிழ் குடும்பமே இருக்காதுன்னு நினைக்கிறேன். (அவன் இவன்னு எழுதறதுக்கு மன்னிக்கணும், நம்ம வீட்டுப் புள்ள மாதிரி ஆயிட்டான், இனிமே மரியாதை வராது.) எனக்கு என்னமோ அவன் தோத்த கேம்கள்தான் அதிகமா ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு பெரிய தோல்விக்கும் அப்புறம் அவன் என்ன பண்ணினான்னு வரிசையா பாத்தா அவனோட மொத்த கேரியரும் அதுல வந்துடும்.

முதல் கதை அந்த 17 நாள். 2002ல செர்கெய் கர்யாகின்னு ஒரு பையன் 12 வயசு 7 மாசத்துல செஸ்ல பெரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனாரு, உலகத்துலயே சின்ன வயசு அதுதான் அப்போ. குகேஷுக்கு அத முறியடிக்க சான்ஸ் இருந்துச்சு. கிராண்ட்மாஸ்டர் ஆவறதுன்னா சும்மா பரீட்சை எழுதி பாஸ் ஆவற மாதிரி இல்லீங்க, மூணு நார்ம் (தகுதிப் படி) வேணும், ஒவ்வொரு நார்முக்கும் ஒரு டோர்னமெண்ட் முழுக்க 2600 ரேட்டிங் (ஆட்டத் திறமைக்கான புள்ளி) லெவல்ல ஆடணும், எதிர்ல உக்கார்ற ஆளுங்கள்ல குறிப்பிட்ட அளவு கிராண்ட்மாஸ்டரா இருக்கணும், வேற நாட்டுக்காரங்களும் இருக்கணும், அது போக ரேட்டிங் 2500 தொடணும். இதுக்காகத்தான் நம்மூர் பசங்க சூட்கேஸ தூக்கிட்டு ஐரோப்பா பூரா அலையறது. 2018 கடைசில ஸ்பெயின் வரைக்கும் போயும் கிடைக்கல, 2019 ஜனவரி 15 அன்னிக்கு டெல்லி ஓப்பன்லதான் கிடைச்சுது, 12 வயசு 7 மாசம் 17 நாள். பதினேழே நாள்ல ரெக்கார்டு போச்சு.

இந்த அலைச்சலுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு பெருசு. அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை சர்ஜன், பையன்கூட ஊர் ஊரா போறதுக்காக பிராக்டிஸையே நிறுத்திட்டாரு. மைக்ரோபயாலஜிஸ்டான அம்மா பத்மா சம்பளத்துல வீடு ஓடுச்சு, பத்தாததுக்கு நண்பர்கள் உதவி. ரெண்டு பேரும் படிச்சு நல்ல வேலைல இருந்த வீட்டுக்கே இந்த கதின்னா மத்த வீடுகள்ல எத்தனை திறமை பத்தாங்கிளாஸோட நின்னிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வேலம்மாள் ஸ்கூல்ல ஏழு வயசுல செஸ் கிளாஸுக்குப் போனவன் அஞ்சாறு வருஷத்துல கிராண்ட்மாஸ்டர்னு ஒரே வரில பேப்பர்ல போட்டுடறாங்க, அந்த வரிக்கு நடுவுல இவ்ளோ இருக்கு.

கோச் விஷ்ணு பிரசன்னா ஒரு வித்தியாசமான வேலை பண்ணினாரு. 2500 ரேட்டிங் வர்ற வரைக்கும் எஞ்சின் (நல்ல மூவ கணக்குப் போட்டுச் சொல்ற கம்ப்யூட்டர் புரோகிராம்) பக்கமே போகக்கூடாதுன்னுட்டாரு. இப்பல்லாம் எட்டு வயசுப் பசங்களே ஸ்டாக்ஃபிஷ்ங்கற எஞ்சின ஆன் பண்ணி வச்சுட்டு, அது காட்டற மார்க்க ப்ளஸ் ஒன்னு மைனஸ் ரெண்டுன்னு பேசிட்டு இருக்கற காலம், அதுல போர்டையும் மண்டையையும் மட்டும் வச்சுக்கிட்டு கால்குலேட் பண்ணி வளந்தவன் இவன். மத்தவங்க பயந்து டிராவுக்குப் போற பொசிஷன்லயும் இவன் விடாம நோண்டிட்டே இருக்கறதுக்கு இதான் காரணம்னு நான் நம்பறேன். சில சமயம் அதே பழக்கம் அவனுக்கே ஆப்பும் வச்சிருக்கு.

அதுக்குத்தான் மாமல்லபுரம் வர்றேன். 2022 செஸ் ஒலிம்பியாட் (நாடுகளுக்கு நடுவுல நடக்கற டீம் போட்டி), இந்தியாவோட ரெண்டாவது டீமான இந்தியா 2ல முதல் போர்டு, அதாவது எதிர் டீமோட முதல் ஆள்கூட மோதற இடம், வயசு 16. முதல் எட்டு கேமும் வரிசையா வின். பத்தாவது ரவுண்டுல உஸ்பெகிஸ்தான்கூட மேட்ச், எதிர்ல அப்துசத்தோரோவ். நல்ல பொசிஷன் கைல இருந்துச்சு, டிரா போதாதுன்னு மேல மேல போனான், டைம் டிரபிள்ல (யோசிக்கற நேரம் தீரப் போற நெருக்கடில) ஒரு மூவ் தப்பிடுச்சு, மொத்தமும் போச்சு. மேட்ச் 2-2. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போச்சு, நமக்கு வெண்கலம். அவனுக்கு தனியா முதல் போர்டு தங்கம் கிடைச்சுது, ஆனா தலையில கைய வச்சுட்டு உக்காந்திருந்தானே, அத பாத்தவங்களுக்கு அந்த மெடல் கண்ணுலயே பட்டிருக்காது. ரெண்டு வருஷம் கழிச்சு புடாபெஸ்ட்ல அதே முதல் போர்டு, பத்து கேம்ல ஒம்பது பாயிண்ட், டீமுக்கும் தங்கம், அவனுக்கும் தங்கம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது டொரண்டோ. 2024 ஏப்ரல், உலக சாம்பியன்கூட மோதப் போறது யாருன்னு முடிவு பண்ற கேண்டிடேட்ஸ் டோர்னமெண்ட், ஏழாவது ரவுண்டு, அலிரெஸா ஃபிரூஜாகிட்ட டைம் பிரஷர்ல தோத்தான். பாதி டோர்னமெண்ட்ல இப்படி ஒரு அடி வாங்கினா மிச்ச ஏழு கேமும் ஒப்புக்கு ஆடிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. மறுநாள் ரெஸ்ட் டே. அந்த நாள்லதான் தன்னால இத ஜெயிக்க முடியும்னு தோணிச்சுன்னு பின்னாடி அவனே சொன்னான், கேக்கறதுக்கு லூசுத்தனமா இருக்கும், ஆனா அடுத்து நடந்தத பாருங்க, எட்டாவது ரவுண்டுல விதித் குஜராத்திய ஜெயிச்சான், பதிமூணாவது ரவுண்டுல அதே அலிரெஸாவ ஜெயிச்சான், கடைசி நாள் நகமுராகூட டிரா, பதினாலு கேம்ல ஒம்பது பாயிண்ட், வேர்ல்டு சாம்பியன்ஷிப் ஆடப் போறான்.

சிங்கப்பூர்லயும் இதே கதைதான். முதல் கேமே வெள்ளைக் காய்ல ஆடி அப்போதைய சாம்பியன் டிங் லிரன்கிட்ட தோல்வி. மூணாவதுல வின். பதினொண்ணாவதுல லீட் எடுத்தான், பன்னெண்டாவதுல டிங் அடிச்ச அடில அந்த லீடும் காலி. கடைசி பதினாலாவது கேம், ரெண்டு பேருக்கும் ரூக்கும் பிஷப்பும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், டிராதான்னு கமெண்ட்ரி பண்றவங்க டைபிரேக்க (சமமா முடிஞ்சா ஆடற வேகமான கேம்கள) பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. இவன் மட்டும் எழுந்திருக்கல, டிங் சோர்ந்து போற வரைக்கும் நோண்டினான். 55வது மூவ்ல டிங் ரூக்க மாத்திக்கலாம்னு கொண்டு வந்து வச்சாரு, ரூக் போனா பிஷப்பும் போகும், அப்புறம் வெறும் சிப்பாய் மட்டும் மிஞ்சற எண்ட்கேம்ல டிங்கால ஒண்ணும் பண்ண முடியாது. 7.5-6.5, பதினெட்டு வயசுல உலக சாம்பியன். டிங் பிளண்டர் பண்ணினதாலதான் ஜெயிச்சான்னு இன்னமும் சில பேர் சொல்றாங்க, சரி, அந்த பிளண்டர் வர்ற வரைக்கும் அவர உக்கார வச்சது யாரு?

பட்டம் வந்ததுக்கு அப்புறம் நிம்மதியா இருந்தான்னு சொல்ல முடியாது. 2025 டாடா ஸ்டீல் டோர்னமெண்ட்ல கடைசி ரவுண்டு அர்ஜுன் எரிகைசிகிட்ட தோத்து, டைபிரேக்ல பிரக்ஞானந்தாகிட்டயும் தோத்தான். நார்வேல முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன முதல் தடவையா கிளாசிக்கல்ல (ரொம்ப நேரம் யோசிச்சு ஆடற முறைல) ஜெயிச்சான், அவரு டேபிள குத்தின வீடியோதான் ஊர் பூரா ஓடுச்சு, ஆனா அந்த கேம்ல ரொம்ப நேரம் இவன் தோத்துட்டு இருந்தான்றத யாரும் ஷேர் பண்ணல. செப்டம்பர்ல சமர்கண்ட்ல நடந்த கிராண்ட் ஸ்விஸ் டோர்னமெண்ட்ல வரிசையா மூணு தோல்வி, அதுல ஒண்ணு 16 வயசு அபிமன்யு மிஸ்ராகிட்ட. இவன் 16 வயசுல ஒரு ரேபிட் (வேகமா ஆடற) கேம்ல அப்போ உலக சாம்பியனா இருந்த கார்ல்சன ஜெயிச்சு பேர் வாங்கினவன், இப்போ அந்த நாற்காலில உக்காந்து வாங்கறது இவன் முறை. அடுத்த மாசமே ரோட்ஸ்ல ஐரோப்பிய கிளப் கப்ல முதல் போர்டு தங்கம், அதுக்கு அடுத்த மாசம் கோவா வேர்ல்டு கப்ல மூணாவது ரவுண்டுலயே வெளிய.

அவ்ளோதான், ஃபார்ம் போச்சு, சாம்பியனுக்கு லாயக்கில்லன்னு எழுதித் தள்றாங்க. எழுதட்டும். ரேட்டிங் இறங்கினது உண்மைதான், டைம் டிரபிள் பழக்கம் சரியாகலன்றதும் உண்மைதான், கிளாசிக்கல் அளவுக்கு ரேபிட்லயும் அதவிட வேகமான பிளிட்ஸ்லயும் அவன் இல்லன்றதும் தெரிஞ்சதுதான். அடுத்த சாம்பியன்ஷிப் மேட்ச் டைபிரேக்குக்குப் போனா எனக்கும் பயம்தான். பதினாலு கேமுக்குள்ள முடிச்சுட்டா நல்லது.