டார்னீட்டில் எட்டரை சென்ட்

2019இல் டார்னீட்டில் மனை பார்க்கப் போனபோது அப்பாவும் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். மெல்பர்ன் நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமில்லாத சமவெளி. விற்பனைக்காரர் வரைபடத்தை விரித்துப் பள்ளிக்கூடம் எங்கே வரும், கடைகள் எங்கே வரும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்துப் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம கரிசல் மாதிரில்லா இருக்கு. வெடிப்பு பாத்தியா?"

அவர் சொன்னது சரிதான். மெல்பர்னின் மேற்குப் பகுதி எரிமலைக் குழம்பு பரவி உண்டான நிலம். அதன் களிமண் மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும்; கொஞ்சம் தோண்டினால் கரும்பாறை. அதனால் அடித்தளத்தைக் கூடுதல் பலத்தோடு போட வேண்டும், பாறையை உடைத்து அகற்ற வேண்டும். 'சைட் காஸ்ட்' என்று தனியாக வரும் இந்தச் செலவு, விளம்பரப் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விலையில் பெரும்பாலும் முழுதாக அடங்குவதில்லை. எங்கள் சேமிப்பில் ஒரு பங்கை அது அப்படியே விழுங்கியது. மண் பரிசோதனை அறிக்கை வந்து, அந்தத் தொகையை உறுதியாக எழுதித் தரும்வரை யாரும் கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்படியிருந்தும் ஏன் வாங்கினோம்? 350 சதுர மீட்டர், நம்மூர்க் கணக்கில் எட்டரை சென்டுக்குச் சற்று மேல். நாங்கள் வாடகைக்கு இருந்த, நகர மையத்துக்கு நெருக்கமான ஃபுட்ஸ்கிரே பக்கம் அந்த அளவு நிலத்தை நினைத்தே பார்க்க முடியாது. மனை வாங்கிப் பிறகு வீடு கட்டினால் ஸ்டாம்ப் டூட்டியை மனையின் விலைக்குத்தான் கணக்கிடுவார்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் முதல் வீடு வாங்குபவருக்கு விலை 6 லட்சம் டாலர் வரை இருந்தால் அதுவும் இல்லை. சன்ஷைன் நார்த்தில் முருகன் கோயில், காரில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். 2015 ஜூனில் திறந்த ரயில் நிலையமும் இருந்தது. ஜீலாங் ஊரிலிருந்து வரும் வி-லைன் என்ற வெளியூர் ரயிலில் ஏறினால் நகர மையத்திலுள்ள சதர்ன் கிராஸ் நிலையத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். காலை நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே போய்ப் பழகிவிட்டேன்.

2022 மே முதல் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. 0.10 விழுக்காடாக இருந்தது 2023 நவம்பரில் 4.35 ஆனது. அந்த ஒன்றரை வருடம் மாதத் தவணைக்குப் பயந்தே கழிந்தது. என் கணவர் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார்.

'அங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?' என்று சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அடுத்த சாலையைத் தாண்டினால் இன்னும் காலி நிலம். அங்கே புது வீடு வந்துகொண்டே இருக்கும்போது நம் பழைய வீட்டின் விலை எப்படி வேகமாக ஏறும்? 2024 முதல் விக்டோரியாவில் நிலத்தின் மதிப்பு எவ்வளவைத் தொட்டால் நிலவரி தொடங்கும் என்ற வரம்பை 3 லட்சம் டாலரிலிருந்து 50 ஆயிரமாகக் குறைத்துவிட்டார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வரி கிடையாது, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு உண்டு. குடியிருக்க வருபவர்களிடம் மட்டும் தயங்காமல் வாருங்கள் என்பேன்.

போன மாதம் ஒரு தோழி மனை பார்க்க வந்தாள். காரை விட்டுவிட்டு மனையிலிருந்து ரயில் நிலையத்துக்கு அவளை நடக்க வைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது, வழியில் நிழலே இல்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீடு சின்னதானாலும் பரவாயில்லை என்று இப்போது நிலையத்துக்குப் பக்கத்தில் தேடுகிறாள்.