ஏஐ போனை எடுக்கட்டும், ஆனால் ரிசப்ஷனுக்கு மாற்றும் வழியை முதலில் போடுங்கள்

ஈரோட்டில் ஒரு கண் மருத்துவமனையின் கிளவுட் போன் சிஸ்டத்தோடு, தானாகப் போன் எடுத்துப் பேசும் ஏஐ ஏஜென்ட்டை இணைத்துக் கொடுக்கும் வேலை சமீபத்தில் என்னிடம் வந்தது. காலையில் ஓபி திறந்ததும் போன் ஓயாமல் அடிக்கும், கவுன்ட்டரில் இருக்கும் அக்கா எதிரே நிற்பவருக்கு டோக்கன் போடுவாரா, போனை எடுப்பாரா? நிறைய கால் மிஸ்டு காலாகவே போய்விடும். வருகிற கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர் இன்னைக்கு இருக்காருங்களா, எத்தனை மணிக்குங்க வர்றது?" இதற்கு ஏஐ தாராளமாகப் போதும். ஆனால் இந்த இணைப்பைப் பற்றி நெட்டில் படிக்கக் கிடைப்பதில் பெரும்பாலானவை, கால் ஏஐயிடம் போய்ச் சேர்ந்ததும் முடிந்துவிடுகின்றன. எனக்கு அதற்கு அப்புறம் நடப்பதுதான் முக்கியமாகப் படுகிறது. "யாராச்சும் ஆளுகிட்ட குடுங்க" என்று ஒருவர் கேட்டால் அந்த கால் எந்த வழியாக, யாரிடம் போகும்?

இணைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி நம்பருக்கு வரும் காலை ஏஐ சேவையின் நம்பருக்கு ஃபார்வர்ட் செய்வது ஒரு வழி. அஞ்சு நிமிஷத்தில் முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் இன்னொரு கால் வெளியே போகிறது, அதற்குத் தனிக் காசு. பல நேரம் அழைத்தவர் நம்பருக்குப் பதிலாக ஆஸ்பத்திரி நம்பரே ஏஐக்குத் தெரியும், அப்புறம் அது ஒவ்வொரு பாட்டியிடமும் "உங்கள் பத்து இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு வழி சிப் (SIP) டிரங்க், அதாவது இரண்டு போன் சிஸ்டங்களை இணையம் வழியாக நேரடியாக இணைக்கும் தடம். சிப் என்பது 2002-லேயே இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்ட, இணையத்தில் கால்களை அமைக்கும் பொது நெறிமுறை, கிளவுட் பிபிஎக்ஸ் (உள் போன்களுக்குக் கால்களைப் பிரித்துக் கொடுக்கும் கிளவுட் எக்ஸ்சேஞ்ச்), ஆஸ்டரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள், ஏஐ சேவைகள் பலவும் அதைப் பேசும். அதில் ஏஐயை ஒரு எக்ஸ்டென்ஷன் (உள் எண்) மாதிரியே வைத்துக்கொள்ளலாம், அழைத்தவர் நம்பரும் கூடவே வரும். முடிந்தால் இதையே எடுங்கள்.

டிரங்க் போட்டதும் "நான் பேசுறது அங்க கேக்குது, அவங்க பேசுறது எனக்குக் கேக்கலை" என்று வந்தால் ஏஐயைச் சந்தேகப்பட வேண்டாம். சிப் வழியாகப் போவது கால் வருது, எடுத்தாச்சு, வெச்சாச்சு என்கிற செய்தி மட்டும்தான், குரல் வேறு யூடிபி போர்ட்டுகளில் (நெட்வொர்க்கில் தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்களில்) தனியாக ஓடுகிறது. ஃபயர்வாலில் சிப்புக்கான 5060 போர்ட்டை மட்டும் திறந்துவிட்டால் மணி அடிக்கும், பேச்சு வராது. ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள், உதவுகிறேன் என்று அது முகவரிகளை மாற்றிவைக்கும்.

குரலை டிஜிட்டலாக மாற்றும் முறையான கோடெக் விஷயத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இந்தியாவில் தொலைபேசிக் குரல் ஜி.711 என்ற கோடெக்கின் ஏ-லா வகை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா. ஏஐ சேவைகளில் பல மியூ-லாவை வைத்தே தொடங்குகின்றன. இரண்டும் நொடிக்கு 8000 சாம்பிள், 64 கிலோபிட், அளவெல்லாம் ஒன்றே. அதனால் ஒன்றை இன்னொன்றாகப் படித்தாலும் எர்ரர் எதுவும் வராது, குரல் மட்டும் கரகரவென்று கேட்கும். மனிதக் காது ஓரளவு சமாளித்துவிடும். ஏஐ அந்தக் குரலில் "ராமசாமி"யைப் பிடிக்கத் திணறும், நாமோ தமிழ் சரியாக வரவில்லை என்று மாடலை மாற்றிக்கொண்டிருப்போம். ஒரு காலைப் பதிவு செய்து ஹெட்செட்டில் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

அப்புறம் மௌனம். பேசுபவர் அரை நொடி நிறுத்தினாலே பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆகாது. "வந்துங்க... எங்க வீட்டுக்காரருக்கு..." என்று அந்த அம்மா யோசித்து முடிப்பதற்குள் ஏஐ குறுக்கே பேசிவிடும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் பதில் தாமதமாகும், "அலோ, அலோ" என்பார்கள். ஏஐயின் சர்வர் அமெரிக்காவில் இருந்தால் போய்வரவே 200 மில்லி செகண்டுக்கு மேல், அதைக் குறைக்க மும்பை சர்வரைத் தேர்ந்தெடுத்து, அப்படி மிச்சமாகும் நேரத்தை அந்த அம்மாவுக்குக் கொடுப்பதே நியாயம். நேரத்தையும் 10.30 என்று எழுதாமல் "பத்தரை" என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் "பத்து புள்ளி முப்பது மணிக்கு" வரச் சொல்லும்.

சரி, ஆளுக்கு மாற்றுவது. இதையும் இரண்டு விதமாகச் செய்யலாம். ஏஐ சேவையே ரிசப்ஷனுக்கு ஒரு புதிய காலைப் போட்டு இரண்டையும் ஒட்டவைக்கலாம். அப்படிச் செய்தால் பேச்சு முடியும்வரை அது நடுவிலேயே இருக்கும், மீட்டரும் ஓடும், கவுன்ட்டர் போனில் தெரிவதும் ஏஐயின் நம்பராக இருக்கலாம். இல்லையென்றால் சிப்பில் 'ரெஃபர்' என்ற செய்தியை அனுப்பலாம். "இந்தக் காலை அந்த எக்ஸ்டென்ஷனுக்கு நீயே அனுப்பிக்கொள்" என்று பிபிஎக்ஸிடம் சொல்லிவிட்டு ஏஐ விலகிக்கொள்ளும். அழைத்தவர் நம்பர் அப்படியே நிற்கும். சேவை வாங்கும் முன் விற்பனையாளரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, ரெஃபர் உண்டா என்பதுதான்.

ரெஃபர் இருந்தாலும் ஒரு பொறி உண்டு. பொதுவாக நாம் செய்வது, ரிங் குரூப்பில் (ஒரு கால் எந்தெந்தப் போனில் எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்ற பட்டியலில்) கவுன்ட்டர் போன் 15 நொடி அடிக்கட்டும், எடுக்காவிட்டால் ஏஐ எடுக்கட்டும் என்பது. ஏஐ ஆளுக்கு மாற்றும்போதும் அதே ரிங் குரூப்பையே காட்டியிருப்போம். கவுன்ட்டரில் கூட்டம் என்றால் என்ன ஆகும்? ஆள் வேண்டும் என்று கேட்டவர் 15 நொடி காத்திருந்து, மறுபடி அதே "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்பதைக் கேட்பார். வயதானவர் ஒருவரை இப்படிச் சுற்றவிடுவது எனக்குப் பொறுக்காது. மாற்றப்படும் கால்களுக்கென்று தனி ரிங் குரூப் வையுங்கள், அதன் கடைசி வழி ஏஐயாக இருக்கவே கூடாது. கவுன்ட்டர், அடுத்து ஆப்டிகல்ஸ் மேசை, அடுத்து டியூட்டி மொபைல், அங்கேயும் யாரும் இல்லை என்றால் திரும்ப அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் பெயரும் நம்பரும் ஏற வேண்டும். பேச்சின் நடுவே எப்போது 0 அழுத்தினாலும் இதே வழியில் போக வேண்டும். பட்டன் அழுத்தியதைத் தனிச் செய்தியாக அனுப்பும் வசதி டிரங்கில் இயங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏஐக்கு அது வெறும் பீப் சத்தமாகத்தான் கேட்கும்.

கண் ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் உண்டு. "குழந்தை கண்ல சுண்ணாம்பு பட்டுருச்சுங்க" என்று ஒரு கால் வரும். அப்போது பெயர், வயது, முன்பு வந்திருக்கிறீர்களா என்று ஏஐ கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சுண்ணாம்பு, ஆசிட் போன்ற சொற்கள் காதில் விழுந்த உடனே, ஏஐ யோசித்துச் சொல்லும் பதில் எதுவும் இல்லாமல், டாக்டர் எழுதிக் கொடுத்து நர்ஸ் குரலில் பதிந்த வாக்கியம் ஒலிக்க வேண்டும்: "கண்ணைத் திறந்து வெச்சு சுத்தமான தண்ணியில விடாம கழுவுங்க, கழுவிட்டு உடனே வாங்க." அது ஒலிக்கும்போதே இன்னொரு பக்கம் டியூட்டி மொபைல் அடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இந்தச் சொற்பட்டியலை நானாகப் போடவில்லை. டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்து, ஈரோட்டுப் பக்கம் ஜனங்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். "பொசுங்கிருச்சு" என்ற சொல் அவர்கள் சொல்லித்தான் பட்டியலில் ஏறியது.