உறவுமுறை என்று ஒரு கட்டம்

மனைவிக்குச் சின்ன அறுவை சிகிச்சை. ஒப்புதல் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது, 'கணவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், வாங்கியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெளியே காத்திருக்கும்போதுதான் அந்தக் கட்டம் மண்டையில் சுற்ற ஆரம்பித்தது. இருபது வருஷம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு ஆண்கள் வந்திருந்தால் அங்கே என்ன எழுதுவார்கள்? நண்பர் என்று எழுதினால் "சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்று அடுத்த கேள்வி வரும்.

தன்பாலினத் திருமணம் என்றதும் ஊர்வலமும் வானவில் கொடியும் 'கலாச்சாரம் போச்சு' என்ற கூச்சலும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது, ஆனால் வழக்குகளை எடுத்துப் படித்தால் முக்கால்வாசி படிவமும் வரியும்தான். அமெரிக்காவில் எடித் வின்ட்சர் என்ற மூதாட்டி, 2009இல் தன் துணைவி இறந்ததும் அவர் விட்டுப்போன சொத்துக்கான வாரிசு வரியாகக் கட்ட வேண்டி வந்தது 3,63,053 டாலர். அதே இடத்தில் ஒரு கணவர் இறந்திருந்தால் ஒரு பைசா வரி கிடையாது. வழக்குப் போட்டு 2013இல் ஜெயித்தார்.

ஜிம் ஓபர்கெஃபெல் கதை இன்னும் கொடுமை. இருபது ஆண்டுகளாகக் கூட வாழ்ந்த ஜான் ஆர்தர், தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ் நோயால் படுத்த படுக்கை. அவர்கள் இருந்த ஒஹையோ மாநிலத்தில் அப்போது கல்யாணம் செய்ய முடியாது, அதனால் மருத்துவ விமானம் பிடித்து மேரிலாந்துக்குப் போய், விமானத்தைவிட்டு இறங்காமலே கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஜான் இறந்தால் ஒஹையோ தரும் இறப்புச் சான்றிதழில் 'திருமணமாகாதவர்' என்றுதான் போடுவார்கள் என்று. அந்த ஒற்றை வரிக்காகத் தொடங்கிய வழக்குதான் 2015 ஜூன் 26இல், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நாடு முழுக்க அந்த உரிமையை வாங்கித் தந்தது. ஜான் 2013லேயே போய்விட்டார்.

'உயில் எழுதிவைத்தால் போதாதா, கல்யாணம் எதற்கு?' என்று என் நண்பர் கேட்டார். உயில், பவர் பத்திரம், நாமினி என்று ஒவ்வொன்றாக ஓடி ஓடி அவர்கள் சேர்க்க வேண்டியது, எனக்கு ஒரே கையெழுத்தில் கிடைத்தது. அவ்வளவு ஓடியும் வாரிசு என்று வேறு யாராவது வந்து நின்றால் மறுபடி கோர்ட்தான். (நண்பர் இன்னும் உயில் எழுதவில்லை என்பது வேறு விஷயம்.)

இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு, தன்பாலின இணைகள் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கத் தடை ஏதும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. சரி, அதுவாவது வந்ததே.

சிறுபான்மையினரின் உரிமையை ஓட்டுக்கு விடுவதே எனக்குப் பிடிக்காது. ஆனாலும் 2015 மே மாதம் அயர்லாந்தில் நடந்ததை மறக்க முடியவில்லை. தன்பாலினத் திருமணத்துக்கான பொது வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் கப்பலிலும் விமானத்திலும் பெட்டியோடு வந்து இறங்கி ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அத்தனை பேரும் தன் கல்யாணத்துக்காகவா வந்திருப்பார்கள்? தம்பிக்காக, கூடப் படித்தவளுக்காக, பக்கத்து வீட்டுப் பையனுக்காக வந்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.