192 நிமிடம் தம் கட்டுவது எப்படி?

'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' படத்துக்காக கேட் வின்ஸ்லெட் தண்ணீருக்குள் 7 நிமிடம் 15 விநாடி தம் கட்டினார். உலகமே வாயைப் பிளந்தது. அதே படத்தைப் பார்க்க 192 நிமிடம் உட்கார்ந்தவர்கள் வேறொன்றை அடக்கிக்கொண்டிருந்தார்களே, அவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சிறுநீர்ப்பையில் நிமிடத்துக்குச் சுமார் 1 முதல் 2 மில்லி இறங்கும். படம் முடிவதற்குள் 200 முதல் 400 மில்லி. 200-ஐ நெருங்கும்போதே லேசாக மணியடிக்கும், 400-ல் கதவை இடிக்கும். இது காலிப் பையோடு வந்து, ஒன்றும் குடிக்காமல் உட்கார்ந்தவரின் கணக்கு. கையில் அரை லிட்டர் கோலாவோடு, திரை முழுக்க அலையடிக்கும் படத்துக்குள் நுழைகிறவருக்குக் கணக்கே வேண்டாம். விளம்பரமும் ட்ரெய்லரும் அந்த 192-ல் சேராது. அதனால் கடைசியாக ஒருமுறை போய்வர வேண்டியது ட்ரெய்லர் ஓடும்போதுதான்.

நடுவில் எழுந்தே ஆகவேண்டும் என்றால்? ராணுவம் திரும்பி வந்து, நாயகனின் குடும்பம் காட்டைவிட்டுக் கிளம்பும் வரை அசையாதீர்கள். கடலோர மக்களிடம் போய்ச் சேர்ந்ததும் கதை காலை நீட்டிப் படுத்துவிடும். மூச்சுப் பயிற்சி, நீந்தும் பிராணி மேல் ஏறி விழுதல், உள்ளூர்ப் பையன்களோடு அடிதடி. நிதானமாகப் போய், கை கழுவி, உலர்த்திக்கொண்டு வந்தாலும் அதே கடல், அதே பிள்ளைகள். கூட்டத்தோடு சேராத அந்தத் திமிங்கலம் போன்ற பிராணியோடு நாயகனின் பையன் பழகும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால், பின்னால் அது எதற்கு கப்பல் மேல் பாய்கிறது என்று பக்கத்து சீட்டைச் சுரண்ட வேண்டிவரும்.

வம்பு என்னவென்றால், காசு கொடுத்துப் பார்க்க வந்ததே அந்த நடுப்பகுதியைத்தான். நிஜத் தண்ணீர்த் தொட்டியில் நடிகர்களை இறக்கி, மேலிருந்து விழும் வெளிச்சம் கேமராவைக் குழப்பாமலிருக்க நீர்ப்பரப்பைச் சின்னச் சின்னப் பந்துகளால் மூடி எடுத்த உழைப்பு அது. விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரும் கிடைத்தது. கதை நகராத இடத்தில்தான் கண்ணுக்கு விருந்து. கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று எடிட்டர் தவித்திருப்பார், பாவம்.

3டியில் பார்க்கிறவர்கள் பக்கத்துத் தோளில் சாய்ந்து தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கண்ணுக்கான படங்களும் இடவலமாக விலகியிருக்கும். தலை சாய்ந்தால் கண்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே போய்விடும், படங்கள் ஒன்றுசேராமல் தலைவலிதான் மிஞ்சும். தூங்குவதானால் நிமிர்ந்து தூங்குங்கள்.

சில திரைகளில் தண்ணீர்க் காட்சிகள் விநாடிக்கு 48 பிரேமில் வழவழவென்று ஓடும். வெறும் பேச்சு வந்தால் 24-க்கு இறங்கி, ஒவ்வொரு பிரேமும் இரண்டு முறை வரும். திடீரென்று படம் திக்குவதுபோல் தெரியும். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை, டைரக்டரின் ஏற்பாடு அது.

கடைசி ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் பிடிபடுவார்கள், தப்புவார்கள், திரும்பவும் பிடிபடுவார்கள். 'மறுபடியும் கட்டிப்போட்டுவிட்டார்களே' என்று சின்னப் பெண்ணே அலுத்துக்கொள்ளும். பிறகு கப்பல் மூழ்கத் தொடங்கும். 'டைட்டானிக்' எடுத்தவர் கப்பலை ஐந்து நிமிடத்தில் மூழ்கடிப்பார் என்று யாரும் எழுந்து நிற்க வேண்டாம். கணுக்காலைச் சுழற்றி மரத்த காலை எழுப்பி வையுங்கள். முடிந்தபின் ஒளித்துவைத்த காட்சி எதுவும் கிடையாது. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நீங்களும் ஓடலாம்.