பிளக் கறுப்பானால் உடனே ஜெட்டில் கை வைக்காதீர்கள்

நேற்று சாயங்காலம்தான் வண்டி ஒரு வழிக்கு வந்தது. இரண்டு மாத எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் புலம்பலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1994 மாடல் புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், பாயின்ட் (பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கிற பழைய சுவிட்ச்), வலது பக்கக் கியர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். அப்பா ஓட்டியது. லிட்டருக்கு 34, 35 கொடுத்துக்கொண்டிருந்தது சித்திரை மாதத்தில் திடீரென்று 22க்கு இறங்கிவிட்டது. காலையில் ஒரே உதையில் எடுக்கும். டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் எடுக்காது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.

மெக்கானிக் பிளக்கைக் கையில் வாங்கிய உடனே, "பெட்ரோல் ஜாஸ்தி வருது தம்பி, மெயின் ஜெட்டை மாத்திடலாம்" என்றார். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளையுள்ள சின்னத் திருகு, நம்பர் குறைந்தால் துளை சிறிது. நானும் தலையாட்டினேன். வீட்டிலிருந்து அவர் கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஊர்ந்து போனது, ஆக்ஸிலேட்டரைக் கால்வாசிகூட முறுக்கவில்லை. அந்த ஓட்டத்தில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஸ்பீடுக்கான பைலட் ஜெட்டும் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவும், அதற்கு மேல் கொஞ்ச தூரம் ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்குகிற ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால் வரை அந்த ஸ்லைடில் தொங்குகிற ஊசி, அதையும் தாண்டினால்தான் மெயின் ஜெட். கடைசியாக எப்படி ஓட்டினோமோ அதைத்தான் பிளக் காட்டும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், தெரியும். அவர் முன்னால் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜெட் வாங்க, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். போன நாள் ஞாயிற்றுக்கிழமை. எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வரிசையாக ஷட்டரைப் பார்த்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் லீவு போட்டுப் போனேன். என் வண்டியில் இருந்தது 110, வாங்கியது 100ம் 90ம். கூடவே புது பிளக் கேட்டபோது 6 நம்பருக்குப் பதில் 8 நம்பரைக் கொடுத்து, "நம்பர் ஜாஸ்தின்னா சூடு ஜாஸ்தி தாங்கும் சார், நல்லதுதான்" என்றார் கடைக்காரர். சூட்டைத் தாங்கும் என்பது சரிதான், ஆனால் என்ஜிகே பிளக்கில் நம்பர் ஏற ஏற அது குளிர்ச்சியான பிளக். என்னுடைய மாதிரி நிதானமான இன்ஜினில் அதன் முனை தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடாகாது, இன்னும் கறுக்கும். பாஷ் பிளக்கில் இது தலைகீழ், அங்கே நம்பர் ஏறினால் சூடான பிளக். கம்பெனி மாற்றி வாங்குகிறவர்கள் இதில் கட்டாயம் ஒரு தடவை வழுக்குவார்கள். நான் இரண்டு பிளக் வாங்கி வழுக்கினேன்.

சரி, ஒழுங்காகவே சோதித்துவிடலாம் என்று உத்திரமேரூர் ரோட்டுக்குப் போனேன். செய்முறை பலருக்குத் தெரிந்ததுதான்: இன்ஜின் நன்றாகச் சூடானதும் புது பிளக்கைப் போட்டு, நாலாவது கியரில் ஒரு கிலோமீட்டர் முழு ஆக்ஸிலேட்டர், அப்படியே சாவியை அணைத்து, கிளட்சைப் பிடித்து, ஓரமாக உருட்டி நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்ற வேண்டும். வீடு வரை ஓட்டி வந்து கழற்றினால் அத்தனையும் வீண். ஹெட்லைட் மேலிருக்கும் சாவியை ஒரு கையால் தேடுவதை முதலில் வண்டி நிற்கும்போது பழகிக்கொள்ளுங்கள். நாலு தடவை ஓரம் கட்டியதில் மூன்று பேர் வண்டியை நிறுத்தி, "பெட்ரோல் வேணுமாண்ணே?" என்று கேட்டார்கள். நல்ல மனுஷங்க, ஆனால் பிளக் ஆறுகிற நேரத்தில் ஒவ்வொருவருக்கும் கதை சொல்ல வேண்டியிருந்தது.

பிளக்கைப் பார்ப்பதிலும் ஒரு விஷயம். காபி கலர் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்வது பழைய ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பேச்சு. இப்போது ஈயமும் இல்லை, எத்தனால் வேறு கலந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டரில் பீங்கான் முனையில் கலரே பிடிக்காது. டார்ச்சும் லென்ஸும் வைத்துக்கொண்டு, பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேரும் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே புகை படிந்த மாதிரி மெல்லிய வளையம் தெரிந்தால் மெயின் ஜெட் சரி. வளையம் தடித்து மேலேறினால் பெட்ரோல் அதிகம், வளையமே இல்லையென்றால் குறைவு.

90 ஜெட்டைப் போட்டு முறுக்கினேன். முக்காலுக்கு மேல் வண்டி மூச்சுத் திணறியது, சிலிண்டரிலிருந்து கிணிங் கிணிங் என்று சத்தம். கழற்றினால் பீங்கான் அடிவரை வெள்ளை. நல்ல வேளை, பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். 100லும் வளையம் சரியாக விழவில்லை. பழைய 110ஐயே திரும்பப் போட்டுச் சோதித்தால் அழகான மெல்லிய வளையம்! ஆனால் அதே 110இல், அதே பிளக்கோடு ஊருக்குள் பத்து நிமிஷம் ஓட்டினால் மறுபடியும் கரி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், கோளாறு மெயின் ஜெட்டில் இல்லை, கீழே, அதாவது குறைவாக முறுக்கும்போது வேலை செய்கிற பாகங்களில், எங்கேயோ இருக்கிறது என்று.

கீழே என்றால் ஏர் ஸ்க்ரூ. நண்பன் ஒருவன் போனில், "உள்ளே முறுக்குடா, பெட்ரோல் குறையும்" என்றான். முறுக்கினேன், இன்னும் மோசமானது. அவன் வண்டியில் இருப்பது இன்ஜின் பக்கம் இருக்கிற பெட்ரோல் ஸ்க்ரூ. விஎம்மில் இருப்பது காற்று வரும் பக்கத்து ஸ்க்ரூ, உள்ளே முறுக்கினால் காற்றுதான் குறையும். ஊசியிலும் இதே குழப்பம் உண்டு: அதைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கீழ்க் காடிக்கு மாற்றினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். அப்புறம் ஏர் ஸ்க்ரூவை மூன்று சுற்று வெளியே எடுத்தும் ஸ்லோ ஸ்பீடில் ஒரு மாற்றமும் இல்லை. பாயின்ட் இடைவெளியை 0.4 மி.மீ.க்கு வைத்தேன், கண்டன்சரை மாற்றினேன், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவை நிறுத்துகிற ஃப்ளோட்டின் மட்டத்தைப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

போன ஞாயிறு அக்கா வீட்டார் வந்திருந்தார்கள். ஸ்லோ ஸ்பீடில் வண்டி ஓடிக்கொண்டிருக்க, நான் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருக்கிறேன். ஆறாவது படிக்கிற அக்கா பையன் கார்புரேட்டர் பக்கத்து லீவரைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். திட்டுவதற்கு வாயெடுத்தேன். அவன், "மாமா, இதை ஆட்டினா ஒண்ணுமே ஆகலையே, இது எதுக்கு?" என்றான்.

அது சோக்கு லீவர், குளிர்ந்த இன்ஜினை எடுக்கக் கூடுதல் பெட்ரோல் விடுவது. இன்ஜின் கொதிக்கிற சூட்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் சோக்கைத் திறந்தால் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் திணறி அணைந்துபோக வேண்டும். என் வண்டி கண்டுகொள்ளவே இல்லை. ஏற்கெனவே திறந்துதானே கிடக்கிறது!

சோக்கின் வழியைத் திறந்து மூடுகிற பிளஞ்சரைக் கழற்றினேன். அடியில் வழியை அடைக்கிற சின்ன ரப்பர், சட்டைப் பொத்தானில் பாதி இருக்கும், கல்லாக இறுகி ஒரு ஓரம் பிய்ந்திருந்தது. லீவர் மூடியிருந்தாலும் அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்லோவில் இன்ஜின் இழுக்கிற வெற்றிடம் அதிகம், அதனால் அங்கே கரி. முழுக்க முறுக்கும்போது அந்த இழுவை குறைவு, அதனால் உத்திரமேரூர் ரோட்டில் பிளக் சுத்தம். சூடான வண்டி எடுக்காததற்கும் இதுதான் காரணம். எத்தனால்தான் ரப்பரைத் தின்றது என்று மெக்கானிக் சொல்கிறார். முப்பது வருஷ ரப்பர், பெட்ரோலைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிளஞ்சர் எங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது. அறுபது ரூபாய்.

மாட்டிய பிறகு ஏர் ஸ்க்ரூ சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஒன்றரைச் சுற்றில் ஸ்லோ ஸ்பீடு உச்சத்துக்குப் போய் நின்றது, அங்கேயே விட்டுவிட்டேன். ஊசி நடுக் காடி, ஜெட் 110, பிளக் 6 நம்பர், இடைவெளி 0.5 மி.மீ. நேற்று டேங்க் நிரப்பி அளந்ததில் 33. வாலாஜாபாத்தில் டீ குடித்துவிட்டு வந்து உதைத்தேன், முதல் உதையிலேயே எடுத்தது. டீக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

90, 100 ஜெட் இரண்டும், 8 நம்பர் பிளக் ஒன்றும் டப்பாவில் சும்மா கிடக்கின்றன. இன்னொரு பிளக்கை அக்கா பையன் கேட்டு வாங்கிப் பென்சில் பாக்ஸில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.