பழ வேதியியல் படிக்கிறீர்களா? புளியிலிருந்து தொடங்குங்கள்

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு உள்தேர்வில், சர்க்கரையைக் கண்டறியப் பயன்படும், செம்பு அயனி கலந்த ஃபெலிங் கரைசலில் ரோச்சல் உப்பு எதற்கு என்று 2 மதிப்பெண் கேள்வி வந்தது. எலுமிச்சையில் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக், புளியிலும் திராட்சையிலும் டார்டாரிக் என்று அட்டவணை முழுக்க மனப்பாடம். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வரி எழுத வரவில்லை.

அந்த வாரம் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் விசேஷம். அப்பத்தா செம்புக் குடங்களை எல்லாம் இறக்கிவைத்து, "புளி போட்டு நல்லாத் தேயி" என்று என்னை உட்கார வைத்தார். கறுத்துக் கிடந்த குடம் பளிச்சென்று ஆனது. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது. அந்தக் கறுப்பு காப்பர் ஆக்சைடு. அதைக் கரைப்பது புளியின் டார்டாரிக் அமிலம். ரோச்சல் உப்பு அதே அமிலத்தின் சோடியம் பொட்டாசியம் உப்புதான்! காரக் கரைசலில் காப்பர் அயனி ஹைட்ராக்சைடாக வீழ்படியப் பார்க்கும், அதாவது திடப்பொருளாகி அடியில் தங்கப் பார்க்கும். டார்ட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, கரைசலிலேயே நிறுத்துகிறது.

அதற்கப்புறம் அட்டவணையைத் தூக்கிப்போட்டேன். சிட்ரிக்கில் மூன்று கார்பாக்சில் (அமிலத்தன்மை தரும் COOH தொகுதி). டார்டாரிக்கில் இரண்டு கார்பாக்சில், இரண்டு ஹைட்ராக்சில் (OH தொகுதி). மாலிக்கிலும் கார்பாக்சில் இரண்டு, ஆனால் ஹைட்ராக்சில் ஒன்றுதான். அமைப்பை வரைந்து பார்த்தால் பெயர் தானாக வரும்.

சர்க்கரைப் பாடத்துக்கு ஒரு சீப்பு வாழைக்காய் வாங்குங்கள். பச்சைக் காயின் வெட்டுப்பக்கத்தில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும், அது ஸ்டார்ச். நன்றாகப் பழுத்ததில் நிறம் வராது அல்லது மங்கலாக வரும், ஸ்டார்ச் சர்க்கரையாகிவிட்டது. அந்தப் பழச் சாற்றை ஆய்வகத்தில் ஃபெலிங் கரைசலோடு சூடாக்கினால் செங்கல் சிவப்பு வீழ்படிவு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் செய்யும் வேலை அது. சுக்ரோஸ் அப்படியே இருந்தால் இதைத் தராது, நீர்த்த அமிலத்தோடு கொதிக்கவைத்து உடைத்த பிறகே தரும். வாய்மொழித் தேர்வில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொன்று, நெல்லிக்காய்ச் சாறு சிவப்பு தந்தால் உடனே சர்க்கரை என்று எழுதிவிடாதீர்கள். வைட்டமின் சி-யும் குளுக்கோஸைப் போலவே காப்பர் அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கும் பொருள்தான். செய்முறைத் தேர்வில் எனக்குக் கிடைத்தது நெல்லிக்காய்ச் சாறு. இந்தக் காரணத்தைச் சேர்த்து எழுதியிருந்ததைப் பார்த்த தேர்வாளர், அடுத்த கேள்வியாக ரோச்சல் உப்பைத்தான் கேட்டார். இந்தத் தடவை செம்புக் குடத்திலிருந்து ஆரம்பித்தேன்.